ரம்ப மேசையில் மூன்றாவது கை

உங்கள் ஊரில் மர அறுவை மில்லோ பெரிய தச்சுப் பட்டறையோ இருந்தால், ஒரு நாள் வாசலில் நின்று சற்று நேரம் கவனியுங்கள். இரும்பு மேசையின் நடுவே நீளமான பிளவு ஒன்று இருக்கும். அதன் வழியே வட்ட ரம்பத் தகட்டின் மேற்பகுதி மட்டும் தலை நீட்டிச் சுழன்றுகொண்டிருக்கும். தொழிலாளி பலகையைத் தள்ளிக்கொண்டே போவார். பலகை இரண்டாகப் பிளந்து அப்பால் வெளிவரும். இதை நீங்கள் முன்பே பார்த்திருக்கலாம். இம்முறை வேறொன்றைப் பாருங்கள். அவர் எங்கே நிற்கிறார்? அனுபவம் மிக்கவர் தகட்டுக்கு நேர் எதிரே நிற்கமாட்டார். ஒரு முழமாவது பக்கவாட்டில் விலகியே நிற்பார். ஏன் என்று கேட்டால், "மரம் உதைக்கும், தம்பி" என்பார்.

சுழல்வது ரம்பம். மரம் எப்படி உதைக்கும்? இதற்கு விடை கண்டால், மரத்தை உதைக்கவிடாமல் அமுக்கிப் பிடிக்கும் கருவிகளை எங்கே பொருத்தவேண்டும், எதன்மேல் பொருத்தவேண்டும் என்பதும் விளங்கிவிடும். திருப்புத்திறன், உராய்வு, நியூட்டனின் மூன்றாம் விதி என்று நீங்கள் தேர்வுக்காகப் படித்த மூன்றும் அந்த மேசையின்மேல் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்றை மறந்து பொருத்திய அமுக்கி, அமுக்கியே இல்லாத மேசையைவிட ஆபத்தானது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் ரம்ப மேசையில் கைவைக்கப் போகவேண்டாம். அது பயிற்சி பெற்ற பெரியவர்களின் வேலை. நமக்கு வேண்டிய சோதனையைக் கைரம்பமும் வில்தராசும் கொண்டே செய்துவிடலாம். அதைக் கடைசியில் காண்போம்.

நிமிடத்துக்கு 4000 சுற்று

சிறு பட்டறைகளில் பழக்கமான ரம்பத் தகட்டின் விட்டம் 250 மி.மீ. அது நிமிடத்துக்கு 4000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதன் சுற்றளவு 0.785 மீட்டர். ஒரு நொடிக்கு ஏறத்தாழ 67 சுற்று. பெருக்கிப் பாருங்கள்: விளிம்பில் உள்ள பல்லின் வேகம் நொடிக்கு 52 மீட்டர், அதாவது மணிக்கு 188 கிலோமீட்டர். 2003ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் சோயிப் அக்தர் மணிக்கு 161.3 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வீசியதைக் கிரிக்கெட் அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ரம்பத்தின் பல் அதையும் முந்திவிடுகிறது.

இந்தப் பல் ஒரு கட்டையை முழுமையாகக் கவ்விக்கொண்டால், தன் வேகத்தில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்துவிடும். ஒரு கிலோகிராம் எடையுள்ள கட்டை நொடிக்கு 20 மீட்டர் வேகம் மட்டுமே பெறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பல்லின் வேகத்தில் அது பாதிகூட இல்லை. ஆயினும் அதன் இயக்க ஆற்றல் 200 ஜூல். 160 கிராம் எடையுள்ள அக்தரின் பந்துக்கு 160 ஜூல்தான் இருந்தது. எதிரே நின்றவர் கால்காப்பும் தலைக்கவசமும் அணிந்து, 20 மீட்டர் தூரத்தில், மட்டையோடு காத்திருந்தார். ரம்பத்தின் முன் நிற்பவருக்கோ தூரம் ஒரு மீட்டர்கூட இராது. கண் கண்டு, மூளை உணர்ந்து, கை அசைய ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். அதற்குள் கட்டை 4 மீட்டர் போய்விடும். ஆகவே, 'உதைத்தால் விலகிக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. முன்கூட்டியே விலகி நிற்பதும், உதைக்காமல் பார்த்துக்கொள்வதுமே வழி.

உதைக்கும் கட்டை மட்டுமே கெடுதல் செய்வதில்லை. கட்டை திடீரென்று பறக்கும்போது அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்த கைக்குப் பிடிமானம் போய்விடும். கை தான் சென்ற திசையிலேயே சென்று தகட்டின்மேல் விழும். 2015ஆம் ஆண்டில் ரம்ப மேசைக் காயங்களோடு 33,000 பேருக்கு மேல் அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்ததாக அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தகட்டில் கைபட்டவர்கள்.

ஒரு பல்லின் பயணம்

காகிதமும் காம்பசும் எடுத்துக்கொள்ளுங்கள். 125 மி.மீ. ஆரமுள்ள வட்டம் ஒன்று வரையுங்கள். அதுதான் தகடு. மையத்திலிருந்து 75 மி.மீ. உயரத்தில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். அது மேசையின் பரப்பு. கோட்டுக்கு மேலே தெரியும் வில் 50 மி.மீ. உயரமுள்ளது. கோடு வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டும். தொழிலாளியின் பக்கம் உள்ள வெட்டுப்புள்ளியை 'முன்' என்றும் அப்பால் உள்ளதைப் 'பின்' என்றும் குறியுங்கள். மையம், பின்புள்ளி, மையத்துக்கு நேர்மேலே கோட்டில் உள்ள புள்ளி ஆகிய மூன்றையும் இணைத்தால் 75, 100, 125 பக்கங்களுள்ள செங்கோண முக்கோணம் கிடைக்கும். பிதாகரஸின் பழைய 3, 4, 5 முக்கோணமேதான். முன்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் இடையே 200 மி.மீ. தூரம்.

தகடு எந்தப் பக்கமாகச் சுழல்கிறது? உச்சியில் உள்ள பல் தொழிலாளியை நோக்கி வரும். முன்புள்ளியில் மேசைக்குள் இறங்கும். மேசைக்கு அடியில் சுற்றிச் சென்று பின்புள்ளியில் மறுபடி மேலே எழும்பும். பல்லின் திசைவேகம் எப்போதும் தொடுகோட்டின் வழியே இருக்கும் அல்லவா? நம் முக்கோணத்தைக் கொண்டு அதைக் கூறுகளாகப் பிரிக்கலாம். முன்புள்ளியில் கீழ்நோக்கிய கூறு மொத்த வேகத்தில் 0.8 பங்கு, அதாவது நொடிக்கு 42 மீட்டர். தொழிலாளியை நோக்கிய கூறு 0.6 பங்கு, அதாவது நொடிக்கு 31 மீட்டர். ஆகவே முன்பற்கள் மரத்தை மேசையோடு சேர்த்து அமுக்குகின்றன. இது நல்ல செய்தி. அறுக்கும் பல்லே அமுக்கும் பல்லாகவும் இருக்கிறது.

கெட்ட செய்தி பின்புள்ளியில் இருக்கிறது. அங்கே அதே 42 மீட்டர் மேல்நோக்கி இருக்கிறது; 31 மீட்டர் மட்டும் மாறாமல் தொழிலாளியை நோக்கியே இருக்கிறது. அறுபட்ட மரம் பின்பற்களைத் தொடாமல் விலகிச் சென்றால் தொல்லை இல்லை. தொட்டுவிட்டால், பல் அதை முதலில் மேலே தூக்கும். தூக்கியதும் மரம் தகட்டின் உச்சிக்கு வந்துவிடும். உச்சியில் பல்லின் வேகம் முழுவதும் தொழிலாளியை நோக்கியே. தூக்குவதும் எறிவதும் நாம் கண் இமைப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். இதைத்தான் ஆங்கிலத்தில் கிக்பேக் என்கிறார்கள். நாம் பின்னுதைப்பு எனலாம்.

அப்படியானால் மரம் ஏன் பின்பற்களைத் தொடவேண்டும்? ஒரு காரணம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. மரம் உலரும்போது எல்லாப் பகுதியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அந்த இழுவிசை உள்ளே அடங்கிக் கிடக்கும். நடுவே அறுத்தவுடன் அது விடுபட்டு, இரண்டு பாதிகளும் ஒன்றை ஒன்று நோக்கி வளைந்து தகட்டைக் கவ்விக்கொள்ளலாம். இன்னொரு காரணம் மனிதன் செய்யும் பிழை. மரம் நேராகச் செல்வதற்காகத் தகட்டுக்கு இணையாக மேசையின்மேல் நீளமான சட்டம் ஒன்று பொருத்தியிருப்பார்கள். பட்டறையில் அதை ஃபென்ஸ் என்பார்கள். நாம் வழிச்சட்டம் என்று சொல்வோம். அது பின்புறம் தகட்டை நோக்கி அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும், மரம் போகப்போகப் பின்பற்களோடு நெருக்கப்படும்.

இதற்கு முதல் காவல், தகட்டுக்குப் பின்னால் அதே தளத்தில் நிற்கும் எஃகுத் தகடு. ரைவிங் கத்தி என்பது அதன் பெயர். அறுத்த இடைவெளி மூடிக்கொள்ளாமல் அது தடுக்கும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தை ஒட்டி நம் நாட்டில் வகுத்த மரவேலை இயந்திர விதிகளில் இது கட்டாயமாக்கப்பட்டது. மேசை மட்டத்தில் கத்திக்கும் ரம்பப் பல்லுக்கும் இடையே 10 மி.மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்பது அவ்விதி. கத்தி இல்லாத மேசையில் அமுக்கி பொருத்துவது, பிரேக் இல்லாத சைக்கிளுக்கு மணி பொருத்துவது போன்றது. ஆகவே இனிமேல் சொல்வதெல்லாம் கத்தி இருக்கிறது என்று வைத்துக்கொண்டே சொல்வது.

கரும்பலகையில் புள்ளிக்கோடு

கத்தி இருந்தும் அமுக்கி எதற்கு? மெல்லிய பலகை தகட்டின் அதிர்வில் மேசையைவிட்டு எழும்பி எழும்பி விழும். எழும்பும்போது கத்தியின் உச்சிக்கு மேலாகவே பின்பற்களில் ஏறிவிடலாம். அதைக் கையால் அமுக்கவேண்டுமானால் கை தகட்டுக்கு மேலேயே போகவேண்டும். அங்கேதான் மூன்றாவது கை தேவைப்படுகிறது.

தச்சர்கள் தாமே செய்துகொள்ளும் எளிய அமுக்கி ஒன்று உண்டு. பலகை ஒன்றின் முனையை 30 டிகிரி சாய்வாக அறுத்து, அந்த முனையிலிருந்து உள்நோக்கி நெருக்கமாகப் பல கோடுகள் அறுப்பார்கள். பார்ப்பதற்குப் பெரிய சீப்பு போல் இருக்கும். ஆங்கிலத்தில் இறகுப் பலகை என்ற பொருளில் ஃபெதர்போர்டு என்கிறார்கள். சீப்புப் பலகை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதன் வளையும் விரல்கள் மரம் போகும் திசையில் சாய்ந்து, மரத்தை இலேசாக அழுத்திக்கொண்டிருக்கும். மரம் முன்னே போகும். பின்னே வருவது கடினம்.

ஏன் ஒரு பக்கம் மட்டும் எளிது? உங்கள் ஆசிரியர் கரும்பலகையில் புள்ளிக்கோடு போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? சாக்குக்கட்டியைச் சாய்த்து, அதன் முனை பின்தொடருமாறு இழுத்தால் வழவழவென்று கோடு விழும். முனை முன்னே போகுமாறு எதிர்த்துத் தள்ளினால் சாக்கு பலகையில் குத்தி நின்று, துள்ளி, மறுபடி குத்தும். கோடு புள்ளி புள்ளியாக விழும். சீப்புப் பலகையின் விரலும் அந்தச் சாக்குதான்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். விரலின் அடி நிலையாக இருக்கிறது. நுனி மரத்தைத் தொடுகிறது. மரப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து விரல் 30 டிகிரி சாய்ந்திருக்கிறது. மரம் முன்னே போகும்போது உராய்வு விரலை மேலும் சாய்க்கப் பார்க்கிறது, அழுத்தம் குறைகிறது. மரம் பின்னே வரும்போது உராய்வு விரலை நிமிர்த்தப் பார்க்கிறது; நிமிர இடம் இல்லாததால் அழுத்தம் கூடுகிறது. அடியைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால், முன்னே போகும்போது அழுத்தம் 'சைன் 30, கூட்டல் உராய்வு எண் பெருக்கல் கொசைன் 30' என்பதற்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். பின்னே வரும்போது கூட்டலுக்குப் பதில் கழித்தல். மரத்துக்கும் மரத்துக்கும் உராய்வு எண் 0.4 என்று கொள்வோம். கூட்டினால் 0.846, கழித்தால் 0.154. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஐந்தரை வருகிறது. அதே விரல்தான்; ஆனால் பின்னே வரும் மரத்தை ஐந்தரை மடங்கு எதிர்க்கிறது!

விரலை 45 டிகிரி சாய்த்தால் இந்த விகிதம் 2.3 ஆகக் குறைந்துவிடும். 20 டிகிரியாக நிமிர்த்தினால் கழித்தலின் விடை சுழிக்கும் கீழே போய்விடும். அப்போது விரல் முழுமையாகப் பூட்டிக்கொள்ளும். அப்படியானால் 20 டிகிரியே நல்லது என்று தோன்றும். ஆனால் அவ்வளவு நிமிர்ந்த விரல் வளைந்துகொடுக்காது. மரத்தில் ஒரு சிறு மேடு வந்தாலும் முன்னே போகவும் விடாது. சிக்கிய மரத்தை வலிந்து தள்ளும் கைதான் வழுக்கித் தகட்டின்மேல் விழும். 30 டிகிரி என்பது இரண்டுக்கும் நடுவே தச்சர்கள் கண்ட சமரசம். சைன் அட்டவணையைப் பார்த்து அவர்கள் அதைக் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

கடைகளில் விற்கும் உருளை அமுக்கிகளும் உண்டு. ரப்பர் போன்ற உருளை இரண்டு, வில்லின் அழுத்தத்தில் மரத்தின்மேல் உருளும். சைக்கிளின் பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீல் போல அவை ஒரு பக்கம்தான் சுழலும். சிலவற்றில் உருளையைச் சுமார் 5 டிகிரி திருப்பி வைத்திருப்பார்கள். நேராக ஓடவேண்டிய மரத்தை அது வழிச்சட்டத்தின் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

எங்கே வைப்பது?

பலகையை ஒரு நெம்புகோலாகப் பாருங்கள். பின்பல் அதைத் தூக்கும்போது, தொழிலாளியின் பக்கம் உள்ள முனை மேசையில் ஊன்றி நிற்கும். அதுவே ஆதாரப்புள்ளி. அந்த முனை முன்பல்லுக்கு 400 மி.மீ. இப்பால் இருக்கட்டும். பின்பல் அங்கிருந்து 600 மி.மீ. தூரத்தில் 100 நியூட்டன் விசையோடு தூக்கட்டும். பலகையின் எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். முன்பல்லுக்கு 100 மி.மீ. இப்பால் அமுக்கி வைத்தால், ஆதாரத்திலிருந்து அதன் தூரம் 300 மி.மீ. தூக்கலைத் தடுக்க அது 200 நியூட்டன் அழுத்தவேண்டும். பின்பல்லுக்கு 100 மி.மீ. அப்பால் வைத்தால் தூரம் 700 மி.மீ. 86 நியூட்டன் போதும்.

இப்போது பலகையை இன்னும் 250 மி.மீ. தள்ளிவிடுங்கள். முனை முன்பல்லுக்கு 150 மி.மீ. அருகில் வந்துவிட்டது. பின்பல்லின் தூரம் 350 மி.மீ. ஆயிற்று. முன்னால் உள்ள அமுக்கிக்கு ஆதாரத்திலிருந்து 50 மி.மீ. தூரமே மிச்சம். அது 700 நியூட்டன், அதாவது ஒரு பெரிய மனிதரின் எடை அளவு அழுத்தினால்தான் தாங்கும். பின்னால் உள்ளதற்கோ 78 நியூட்டன் போதும். வேலை முடியும் தறுவாயில், கை தகட்டுக்கு மிக அருகில் வரும் அந்த நேரத்தில்தான், முன் அமுக்கி பயனற்றுப் போகிறது. ஆகவே ஒன்றை மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடாது. மரம் அதிராமல் பல்லுக்குள் நுழைய முன்னால் ஒன்று, எழும்பாமல் வெளியேற அப்பால் ஒன்று என இரண்டும் வேண்டும்.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மேலிருந்து கீழே அமுக்குவதைத்தான் தகட்டுக்கு அப்பாலும் வைக்கலாம். பக்கவாட்டில் மரத்தை வழிச்சட்டத்தோடு நெருக்கும் சீப்புப் பலகையைத் தகட்டுக்கு நேராகவோ அப்பாலோ வைக்கவே கூடாது. அது அறுபட்ட இரு பாதிகளையும் ஒன்றோடொன்று நெருக்கி, கத்தி திறந்து வைத்த இடைவெளியை மூடிவிடும். பக்கச் சீப்பின் கடைசி விரல், முன்பல்லுக்குச் சற்று இப்பாலேயே முடிந்துவிடவேண்டும்.

எதன்மேல் பொருத்துவது?

இனி நியூட்டனிடம் வருவோம். அமுக்கி மரத்தை 86 நியூட்டன் கீழே அழுத்தினால், மரம் அமுக்கியை 86 நியூட்டன் மேலே தள்ளும். அமுக்கி வழிச்சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. அப்படியானால் வழிச்சட்டமே மேலே தூக்கப்படுகிறது. விலை குறைந்த பல மேசைகளில் வழிச்சட்டம் தொழிலாளியின் பக்கம் மட்டுமே பூட்டப்பட்டிருக்கும். மறுமுனை சும்மா மேசைமேல் கிடக்கும். பூட்டிலிருந்து 600 மி.மீ. தூரத்தில் 86 நியூட்டன் தூக்கினால் திருப்புத்திறன் 52 நியூட்டன்-மீட்டர். சட்டம் எழும்பும். எழும்பினால் அமுக்கியின் அழுத்தம் போகும். அதைவிட மோசமானது, எழும்பும் சட்டம் பக்கவாட்டில் நகர்ந்து பின்புறம் தகட்டை நோக்கிச் சாயக்கூடும். பின்னுதைப்பைத் தடுக்கப் பொருத்திய கருவியே பின்னுதைப்புக்கு வழிசெய்துவிடும். அமுக்கியைக் கடையில் தேர்ந்தெடுக்கப் பல நாள் யோசிப்பவர்கள், அது எதன்மேல் உட்காரப்போகிறது என்று ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

சோதிப்பது எளிது. மின்சார பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வழிச்சட்டத்தைப் பூட்டி, அதன் அப்பால் முனைக்கு அடியில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்க்கவேண்டும். பின் அந்த முனையைக் கையால் மேலே தூக்கிப் பார்க்கவேண்டும். முதலில் நுழையாத காகிதம் இப்போது நுழைந்தால், அந்தச் சட்டம் அமுக்கியைச் சுமக்கத் தகுதியற்றது. அப்பால் முனையையும் மேசை விளிம்போடு கவ்விப் பிடிக்கும் கொக்கியோ சி வடிவக் கிளாம்போ வேண்டும். அதை இறுக்கியபின், சட்டத்துக்கும் தகட்டின் முன்பல்லுக்கும் உள்ள தூரத்தை ஒரு மரத்துண்டால் அளந்து, அதே துண்டால் பின்பல்லிலும் அளக்கவேண்டும். இறுக்கும்போதே சட்டம் நகர்ந்துவிடுவது உண்டு.

வழிச்சட்டங்கள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடமுள்ள இரும்பு அல்லது அலுமினியக் குழாய்கள். அவற்றில் கண்ட இடத்தில் துளை போடாமல், 18 மி.மீ. கனமுள்ள நல்ல ஒட்டுப்பலகை ஒன்றைப் பக்கத்தில் சேர்த்துப் பொருத்தி, அமுக்கிகளை அதன் மேல்விளிம்பில் ஏற்றுவது வழக்கம். மேல்விளிம்பில் டி வடிவக் காடியுள்ள அலுமினியப் பட்டையைப் பதித்தால் அமுக்கிகளை முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்தலாம். பட்டையை ஒட்டுப்பலகையின் விளிம்பில் சிறு திருகாணிகளால் மட்டும் முடுக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஒட்டுப்பலகையின் அடுக்குகளுக்கு நடுவே செல்லும் திருகாணி, மேல்நோக்கி இழுத்தால் அடுக்குகளைப் பிரித்துக்கொண்டு வந்துவிடும். நம் விசையோ நேராக மேல்நோக்கியே இழுக்கிறது. சட்டத்தின் குறுக்கே ஊடுருவிச் செல்லும் போல்ட்டும், அகன்ற வாஷரும், நட்டும் கொண்டு, இழுவிசையைச் சட்டத்தின் உலோகத்துக்கே கொண்டுசேர்ப்பதே சரி. மரம் உரசும் பக்கத்தில் போல்ட் தலைகள் குழிக்குள் அமிழ்ந்திருக்கவேண்டும். அரை மில்லிமீட்டர் துருத்தினாலும் பலகை அங்கே வந்து நின்றுவிடும்.

காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் அமுக்கிகளும் கடைகளில் கிடைக்கின்றன. வார்ப்பிரும்பு மேசையில் அவை நன்றாக ஒட்டும். அலுமினிய மேசையில் ஒட்டவே ஒட்டா. ஒட்டினாலும் ஒரு கணக்கு உண்டு. காந்தத்தை நேராக மேலே பிடுங்க 400 நியூட்டன் வேண்டியிருக்கலாம். பக்கவாட்டில் தள்ளும்போது அதை எதிர்ப்பது உராய்வு மட்டுமே. உராய்வு எண் 0.2 என்றால் 80 நியூட்டனிலேயே அது வழுக்கிவிடும். விளம்பரத்தில் எந்த எண்ணை அச்சிடுவார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலையும் பொருத்தும்போதே பார்த்துவிடவேண்டும். பலகையின் கடைசிப் பகுதியைக் கையால் தள்ளாமல், முனையில் வெட்டு உள்ள தள்ளுகோலால் தள்ளுவார்கள். முன்சொன்ன தொழிற்சாலை விதிகளிலும் தள்ளுகோலுக்கு இடம் இருந்தது. ஒல்லியான துண்டுகளை அறுக்கும்போது தகட்டுக்கும் வழிச்சட்டத்துக்கும் இடையே இரண்டு விரற்கடை இடமே இருக்கும். அந்த இடத்தை அமுக்கி அடைத்துக்கொண்டால் தள்ளுகோல் எப்படி நுழையும்? மரம் பாதியில் நிற்கும், தகடோ ஓடிக்கொண்டிருக்கும். இதைவிட இக்கட்டான நிலை பட்டறையில் அதிகம் இல்லை. ஆகவே இயந்திரத்தை ஓடவிடாமல், மரத்தையும் தள்ளுகோலையும் ஒரு முறை முழுத்தூரமும் தள்ளிப் பார்த்துவிடவேண்டும். நுழையாவிட்டால் அந்த வேலைக்கு அந்த அமுக்கி வேண்டாம்.

விரல் பட்டவுடன் தகட்டையே நிறுத்திவிடும் ரம்ப மேசைகள் வந்துவிட்டனவே என்று சிலர் கேட்கலாம். இயற்பியலும் சட்டமும் படித்த ஸ்டீபன் காஸ் என்ற அமெரிக்கர் 1999ஆம் ஆண்டில் அத்தகைய ஒன்றைச் செய்து காட்டினார். உடல் பட்டதைத் தகட்டிலுள்ள சிறு மின்குறி மாற்றத்தால் உணர்ந்து, அலுமினியக் கட்டை ஒன்றைப் பற்களில் பாய்ச்சி, 5 மில்லிநொடிக்குள் தகட்டை நிறுத்திவிடும். நம் தகட்டுக்கு அது மூன்றில் ஒரு சுற்று. அருமையான கருவிதான். ஆனால் அது உணர்வது விரலை மட்டுமே. பின்பல்லில் மரம் ஏறுவதை அது அறியாது.

நீங்களே அளந்து பாருங்கள்

ஒரு சாண் அகலமுள்ள மெல்லிய பலகைத் துண்டின் முனையைக் கைரம்பத்தால் 30 டிகிரி சாய்வாக அறுத்துக்கொள்ளுங்கள். இழையோட்டத்தின் வழியே, 5 மி.மீ. இடைவெளி விட்டு, 60 மி.மீ. ஆழத்துக்கு எட்டுப் பத்துக் கோடுகள் அறுங்கள். விரல்கள் இலேசாக வளைகின்றனவா என்று பாருங்கள். வளையாவிட்டால் இன்னும் கொஞ்சம் ஆழமாக அறுக்கவேண்டும். இழைக்குக் குறுக்கே அறுத்தால் விரல்கள் ஒடிந்து கையோடு வந்துவிடும். மேசைமேல் நேரான சட்டம் ஒன்றைக் கிளாம்பால் நிறுத்தி, அதை ஒட்டி வழவழப்பான மரக்கட்டை ஒன்றை வையுங்கள். முதலில் சீப்பு இல்லாமலே, கட்டையைச் சட்டத்தை ஒட்டி வில்தராசால் இழுத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது கட்டையின் எடையால் வரும் உராய்வு.

பின் சீப்புப் பலகையின் விரல்கள் கட்டையை இலேசாக அழுத்துமாறு நிறுத்தி, இரண்டு கிளாம்புகளால் இறுக்குங்கள். ஒரு கிளாம்பு போட்டால் பலகை அதைச் சுற்றித் திரும்பிவிடும். விரல் சாய்ந்த திசையில் ஒரு முறையும் எதிர்த்திசையில் ஒரு முறையும் இழுத்து, முன்பு குறித்த அளவை இரண்டிலிருந்தும் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். சரியாக ஐந்தரை வராது. உங்கள் மரத்தின் உராய்வு எண் 0.3 ஆக இருந்தால் விகிதம் மூன்றைச் சற்றுத் தாண்டும், 0.5 ஆக இருந்தால் பதினான்குக்குப் போய்விடும். கிடைத்த விகிதத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, உங்கள் மரத்தின் உராய்வு எண்ணைக் காணுங்கள். பிறகு விரல் நுனிகளில் கொஞ்சம் மெழுகு தேய்த்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள்.